கத்தாருக்குக் கேட்காத சத்தம்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். ஸகியாவைப் பற்றி யாராவது கதையெடுத்தால் உடனே சிவந்துவிடுகிறது. "அந்தக் கார் ஓடுற பொம்புளயா?" என்றுதான் தொடங்குவார்கள். எங்கள் சாய்ந்தமருதில் இன்றைக்கு எத்தனை பெண்கள் கார் ஓடுகிறார்கள். டொக்டர் ஓடுகிறார், வங்கியில் வேலை செய்கிறவர் ஓடுகிறார். அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஸகியா அந்தக் காரை வைத்து உழைக்கிறாள். அதுதான் பலருக்குக் கண்ணில் குத்துகிறது.

காலை ஆறேகாலுக்கு அவள் என் வாசலில் நிற்பாள். நான் அஸ்னா, விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். என்னோடு இன்னும் மூன்று டீச்சர்மார். கல்முனையிலிருந்து வயல்களுக்கு நடுவே உள்ளே போனால் எங்கள் பாடசாலை வரும். அந்தப் பாதையில் ஓடுவது ஒரே ஒரு பஸ், அதுவும் தனக்கு நினைத்த நேரத்துக்குத்தான் வரும். ஸகியா எங்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, கிளினிக் போகிற பிள்ளைத்தாச்சிகளை ஏற்றுவாள். பின்னேரம் டியூஷன் போகிற பெண்பிள்ளைகளை ஏற்றுவாள். ஆண்களை ஏற்றமாட்டாள். அவள் வருவதற்கு முன் எங்களில் இரண்டு பேர் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். பிறகு அதை நாங்களே மறந்துவிட்டோம்.

அவள் கணவன் றிஸ்வான் கத்தாரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறான். நான்கு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது இந்தச் சின்ன வெள்ளைக் காரை வாங்கினான். நாற்பது நாள் ஊர் முழுக்க ஓடிக் காட்டினான். பிறகு உறையைப் போட்டு மூடிவிட்டுப் பறந்துவிட்டான். "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை" என்பதுதான் மனைவிக்கு அவன் கொடுத்துவிட்டுப் போன வேலை. ஒரு வருடம் அவளும் அப்படியே ஸ்டார்ட் பண்ணி, ஓஃப் பண்ணி, மூடி வைத்தாள். பிறகு ஒருநாள் உறையைக் கழற்றி மடித்து வைத்தாள். கார் பழக லேனர்ஸ் ஸ்கூலுக்குப் போனாள், முதல் தரம் பெயிலாகி இரண்டாம் தரம் லைசன்ஸ் எடுத்தாள். காரை ரோட்டில் இறக்க றிஸ்வானிடம் சம்மதம் வாங்குவதற்கு மட்டும் எட்டு மாதம் போனது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதித்தான் கொடுப்பார்கள். ஸகியாவின் வாப்பாவும் அப்படித்தான் கொடுத்தார். கார் றிஸ்வானின் பெயரில் இருந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை காரின் அல்டனேட்டர் செத்துப்போனது. ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் ஏற்றுகிற சாமான் அது. மெயின் ரோட்டில் கராஜ் வைத்திருக்கிற கச்சிமுகம்மது பாஸ், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ஐந்தாம் நாள் தொடங்கியது சத்தம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் கீச், கீச், கீச் என்று அணில் கத்துவது போல வரும். எஞ்சின் வேகம் கூடினால் அதுவும் வேகமாகும். கல்முனைச் சந்தையைத் தாண்டும்போது மீன் வாங்குகிறவர்கள் மீனை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு முன் சீட்டில் இருந்த நான் அவளுக்குச் சொன்ன புத்திமதி என்ன தெரியுமா? "ரேடியோவக் கூட்டி விடுகா, கேக்காது." உராய்வு என்றால் என்ன என்று பதினேழு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவளின் வாயிலிருந்து வந்த கதை இது. யாரைத் திட்டுவதென்றாலும் முதலில் என்னைத்தான் திட்ட வேண்டும்.

அவள் ரேடியோவைக் கூட்டவில்லை. காரைக் கராஜுக்குக் கொண்டுபோனாள். "பாஸ், அல்டனேட்டர் போட்டதுக்குப் பொறகுதான் இந்தச் சத்தம். காலையில கூடுதலா இருக்கு. பிரேக் புடிச்சாலும் வளைச்சாலும் வித்தியாசமில்ல" என்று, டொக்டரிடம் வருத்தம் சொல்கிற மாதிரி ஒழுங்காகச் சொன்னாள். கச்சி பாஸ் பொனட்டைத் திறக்கவில்லை.

"மாப்பிள்ள இன்னம் கத்தார்லயா தங்கச்சி? நம்பரத் தாங்க" என்றார்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, போனைப் பொனட்டுக்குக் கிட்டப் பிடித்து, றிஸ்வானுக்கு வொய்ஸ் அனுப்பினார். "தம்பி றிஸ்வான், வண்டி முன்னுக்குத்தான் நிக்கிது. நீங்களே கேளுங்க. பயப்பட ஒண்டுமில்ல, பெல்ட் ஒண்டப் போட்டு விடுறன்." பத்து நிமிடத்தில் கத்தாரிலிருந்து பதில் வந்தது. அதை அவர் நான்கு வேலையாட்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் போட்டார். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல்லயே பாஸ். அவ அப்பிடித்தான், சின்ன விசயத்தையும் பெருசாக்குவா. நீங்க பாத்துச் செய்ங்க."

காருக்குப் பக்கத்தில் நிற்கிறவளின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்கவில்லை என்று சொல்கிறவன் கடல் தாண்டி இருக்கிறான். அந்தக் கராஜில் எடுபட்டது அவன் கதைதான்.

புதுப் பெல்ட் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் திரும்பவும் கீச். இந்த முறை ஸகியா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், டீச்சர் ஒருவர் பக்கத்தில் நின்றால் மரியாதையாகக் கதைப்பார்கள் என்று நம்பினாள் பாவம். கச்சி பாஸ் பெல்ட்டை இன்னும் இறுக்கினார். "கிளட்ச் மிதிக்கிற விதத்துலயும் இருக்கு தங்கச்சி" என்றார். கிளட்ச்சுக்கும் அந்தப் பெல்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், ஒங்கட மாப்பிள்ள சேர் வரல்லயா? அவர் வந்திருந்தா விளங்கப்படுத்தியிருப்பன்" என்றார்.

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஸகியா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

மாமிமாரைப் பற்றி நல்லது சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். காரில் சத்தம் இருக்கிறது என்று அந்தக் குடும்பத்தில் முதலில் நம்பியவர் றிஸ்வானின் உம்மாதான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் கீச்சுச் சத்தத்தைக் கேட்டார். "இது கண்ணூறு மகள். ஊரெல்லாம் ஒன்டையே பாத்திட்டு நிக்கிதுகள்" என்றார். ஒரு போத்தல் தண்ணீரில் ஓதி ஊதி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் முன்பக்கத்து இடுக்குகளால் தெளித்தார். சத்தம் நின்றது. மாமி அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடித்து, தேத்தண்ணி குடித்து, வீடு போய்ச் சேருவதற்குள் திரும்பவும் தொடங்கியது.

வேறு யாராக இருந்தாலும் மாமியின் தண்ணி பலிக்கவில்லை என்று விட்டிருப்பார்கள். ஸகியா விடவில்லை. போன கிழமை மழையில் வயல் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் கொஞ்ச நேரம் சத்தம் நின்றது அவளுக்கு நினைவு வந்தது. மூன்றாம் தரம் கராஜுக்குப் போனாள். "தண்ணி பட்டா நிக்கிது பாஸ். காஞ்சா வருது" என்றாள். "எப்பிடித் தண்ணி பட்ட?" என்று அவர் கேட்க, உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான். கராஜ் முழுக்கச் சிரித்தது. "அப்ப ஒரு பக்கட் தண்ணியும் ஓதுறதுக்கு ஒரு லெப்பையும் வச்சிக்கிட்டு ஓடுங்க தங்கச்சி" என்றார் கச்சி பாஸ். அதையும் கத்தாருக்கு வொய்ஸில் அனுப்பி வைத்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. சத்தத்தின் காரணத்தை அவள் கையில் எடுத்துக் கொடுத்திருந்தாள். தொழில் தெரிந்த மனிதர், முப்பது வருடம் எஞ்சினோடு மாரடித்தவர், அதைச் சொன்னது யார் என்று மட்டும் பார்த்தார்.

இதற்குள் றிஸ்வானின் தம்பி அஹ்ஸனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓட வேண்டும் என்று ஒரு வருடமாக அவனுக்கு ஆசை. அண்ணனுக்குப் போன் எடுத்து, "காக்கா, சந்தைக்குள்ளால போனா ஊரே திரும்பிப் பாக்குது. மானம் போகுது. எஞ்சினும் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்கிது" என்று சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை றிஸ்வான் ஸகியாவுக்குப் போன் எடுத்தான். அவள் எங்களை ஏற்றிக்கொண்டு நின்ற நேரம், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"எஞ்சினப் பாழாக்கிட்ட. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு அஹ்ஸன் வருவான், சாவியக் குடு."

"சத்தமே இல்லண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அவன் கேட்டுட்டுச் சொல்றான்."

"நானும் கேட்டுட்டுத்தானே சொன்னன்?"

"அவன் ஆம்புள. அவனுக்கு விளங்கும். சாவியக் குடு."

போனை வைத்துவிட்டாள். மனைவி சொன்னபோது இல்லாத சத்தம், தம்பி சொன்னபோது எங்கிருந்து வந்தது? அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கியரைப் போட்டாள். "மூணு நாள் இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். சாவி போனால் என்ன போகும் என்று காரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் திரும்பவும் வீட்டுக்குள் இருந்து, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவும் கத்தாருக்குப் போன் எடுத்துச் சம்மதம் கேட்க வேண்டும்.

பின் சீட்டில் இருந்த நிறோசா டீச்சர்தான் கடைசியில் கதைத்தார். அவருக்கு ஊர் பாண்டிருப்பு. "என்ட மாமா ஒராள் வீட்டோட கராஜ் வச்சிருக்கார், நேசரட்ணம் எண்டு. ஆள் அதிகம் கதைக்க மாட்டார். ஒருக்காக் காட்டுவமா?"

வியாழக்கிழமை பாடசாலை விட்டு நேரே அங்கே போனோம். நேசரட்ணத்துக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் துவாயோடு வந்து எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார், கேட்டால் இந்த முறை சிரிக்கமாட்டேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆர் ஓடுற?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணன்" என்றாள் ஸகியா.

"அப்ப நீங்க சொல்லுங்க பிள்ள. எப்ப தொடங்கின?"

அவள் சொன்னாள். அல்டனேட்டர், ஐந்தாம் நாள், புதுப் பெல்ட், இரண்டு நாள், காலை, மழை. மாமியின் தண்ணிக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினாள். பிறகு அதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம் தெளிச்ச? பெல்ட்டில பட்டதா?"

"ஓம், முன்னால ஊத்தின. பெல்ட்டில பட்டிருக்கும்."

"பட்டதும் சத்தம் கூடினதா, நிண்டதா?"

"நிண்ட. காஞ்சதும் திரும்ப வந்த."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய், வீட்டில் உடுப்பு மினுக்கும்போது தண்ணீர் அடிக்கிற போத்தலைக் கொண்டுவந்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, கையைத் தள்ளி வைத்துப் பெல்ட்டின் உட்பக்கத்தில் இரண்டு தரம் பீச்சினார். கீச்சு நின்றது. ஒரு நிமிடம் போனது. திரும்பவும் கீச்.

"பெல்ட் தளர்ந்திருந்தா தண்ணி பட்டதும் வழுக்கி இன்னம் கத்தும். இது நிக்கிது. அப்ப இறுக்கத்தில பிழையில்ல, பெல்ட் கோணலா ஓடுது" என்றார். பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை அல்டனேட்டரின் உடம்பில் வைத்து, கைபிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு அதை ஸகியாவிடம் நீட்டினார். "நீங்களும் கேளுங்க. உள்ளுக்குப் பெயாரிங் போயிருந்தா கரகரக்கும்." அவள் ஷோலைக் கழுத்தோடு இறுக்கிச் சொருகிக்கொண்டு குனிந்து கேட்டாள். "இல்ல, ஒரே மாதிரித்தான் இரையுது" என்றாள். "அது நல்லம்" என்றார் அவர்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, நேரான கம்பி ஏதும் இருக்கிறதா என்று அங்குமிங்கும் தேடினார். என் கைப்பையில் இரும்பு அடிமட்டம் இருந்தது. கொடுத்தேன். பெல்ட் சுற்றுகிற சில்லுகள் இரண்டின் முகத்திலும் அதைக் குறுக்கே வைத்தார். கீழ்ச் சில்லில் அடிமட்டம் ஒட்டிக்கொண்டு நின்றது. அல்டனேட்டர் சில்லுக்கும் அதற்கும் நடுவே ஒரு ரூபாய்க் குற்றி நுழைகிற அளவு இடைவெளி. அவ்வளவுதான் விசயம். அல்டனேட்டர் மாட்டுகிற இடத்தில் ஒரு தடித்த வொஷர் வர வேண்டும். பழையதைக் கழற்றியவர் புதியதை மாட்டும்போது அதைப் போடவில்லை. பெல்ட் மூன்று கிழமையாகக் கோணலாக இழுபட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதன் ஒரு கரை நார்நாராகப் பிய்ந்திருந்தது.

"அப்ப கச்சி பாஸ் எஞ்சினுக்குக் கிட்டப் போனப் புடிச்சு அனுப்பின வொய்ஸில ஏன் இவட மாப்பிள்ளைக்குக் கேக்கல்ல?" என்று கேட்டேன். எனக்கு அது ஆறவேயில்லை.

"போன் ஆக்கள் கதைக்கிறதத்தான் எடுக்கும் டீச்சர். பின்னால வாற இரைச்சல அமத்திப் போடும். கிட்ட நிண்டு கதைச்ச ஆள்ட குரல்தான் போயிருக்கும்."

கச்சி பாஸின் குரல் மட்டும் தெளிவாகக் கத்தாருக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, காதுதான் சுட்டது.

பெட்டியில் தேடி அளவான வொஷர் ஒன்றைப் போட்டார், வேறு பெல்ட் மாட்டினார். எஞ்சினின் சாதாரண இரைச்சல்தான் இருந்தது. பிய்ந்த பெல்ட்டை எறியப் போனவரிடம் ஸகியா, "அதத் தாங்க அண்ணன்" என்று வாங்கிச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அஹ்ஸன் வந்தான். துணைக்கு ஒரு சினேகிதனையும், வாயை வைத்துச் சமாளிக்க உம்மாவையும் கூட்டி வந்தான். நானும் அங்கே இருந்தேன், ஸகியா வரச் சொல்லியிருந்தாள். வளவின் பெரிய கேட்டில் பூட்டுத் தொங்கியது. எல்லோரும் சின்னக் கேட்டால்தான் உள்ளே வந்தார்கள். அஹ்ஸனின் கையில் வீடியோ கோலில் றிஸ்வான்.

ஸகியா காரை ஸ்டார்ட் பண்ணினாள். அஹ்ஸன் காதைக் கொடுத்துப் பார்த்தான், பொனட்டைத் தூக்கிப் பார்த்தான். "சத்தமில்லயே" என்றான்.

"நான் அப்பவே சொன்னன்தானே, சத்தமில்லண்டு" என்றான் போனில் இருந்தவன்.

வாயைத் திறக்கக் கூடாது என்று ஸகியா எனக்கு முதலே சொல்லியிருந்தாள், இல்லாவிட்டால் அந்தப் போன் அன்றைக்கு என் கையால் கிணற்றுக்குள் போயிருக்கும். அவள் பிய்ந்த பெல்ட்டை எடுத்துக் காட்டினாள். எது விடுபட்டது, யார் விட்டது, எப்படிக் கண்டுபிடித்தது என்று நிதானமாகச் சொன்னாள். "மாமி ஊத்தின தண்ணியாலதான் புடிபட்ட" என்றும் சொன்னாள். மாமி முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு நிமிர்ந்தார். அஹ்ஸன் முழுவதையும் கேட்டுவிட்டு, கையை நீட்டினான்.

"நல்லம் மச்சி. நல்ல நிலையில இருக்கு. அப்ப சாவியத் தாங்க."

சத்தம் ஒருநாளும் காரணமாக இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஸகியாவுக்கு அது முதலே விளங்கியிருக்கிறது. அதனால்தான் கேட்டில் பூட்டு.

"சத்தத்துக்காகத்தானே கேட்டீங்க. அது போயிட்டு" என்றாள்.

"குடு ஸகியா" என்றான் றிஸ்வான். "என்ட பேர்ல இருக்கிற காரு அது."

அவள் போனுக்குக் கிட்ட வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஓம், காரு உங்கட பேர்ல. நான் இல்லண்டு சொல்லல்ல. நீங்க வந்து கேளுங்க, உங்கட கையில தாறன். ஆனா இந்த வளவு என்ட பேர்ல. இந்தக் கேட் என்ட. நான் தொறந்தாத்தான் காரு வெளிய போகும். வேற ஆருக்கும் தொறக்க மாட்டன்."

அஹ்ஸன் உம்மாவைப் பார்த்தான். உம்மாவும் தன் வாப்பா எழுதிக் கொடுத்த வளவில் நாற்பது வருடம் இருக்கிற பொம்பிளைதான். அவர் காரைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார்.

"வீட்டுக்காரி தொறக்க ஏலா எண்டா மறுகா என்ன கத. வா மகன், போவம்" என்றார்.

போனில் இருந்தவன் ஏதோ கத்தினான். அஹ்ஸன் அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். சின்னக் கேட்டால் குனிந்து மூன்று பேரும் வெளியே போனார்கள்.

சனிக்கிழமை நான் தனியாகக் கச்சி பாஸின் கராஜுக்குப் போனேன். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. "நீங்க ஒரு வொஷரப் போடாம விட்டுட்டீங்க. மூணு தரம் வந்து சொன்னா, ஒரு தரமும் காது குடுக்கல்ல" என்று நான்கு வேலையாட்களுக்கும் கேட்கச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பிடியா டீச்சர்? சரி, நான் றிஸ்வானுக்கு ஒரு வொய்ஸ் போட்டு விடுறன்" என்றார். இவர்களோடு என்ன கதைப்பது.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு ஸகியா வந்தாள். வயல் ரோட்டுக்கு ஏறும்போது அவள் போனில் வொய்ஸ் ஒன்று விழுந்தது. போடச் சொன்னாள், போட்டேன். றிஸ்வானின் குரல். கோபம் போயிருந்தது.

"ஸகியா, அது என்ன மாதிரிச் சத்தம்?"

அவ்வளவுதான் அதில் இருந்தது. "பதில் சொல்லலயா?" என்று கேட்டேன்.

"மூணு கிழமயாச் சொன்னன் டீச்சர். இப்ப இல்லாத சத்தத்த நான் எப்பிடிச் சொல்ற?" என்றாள். கொஞ்சத் தூரம் போனதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "ரேடியோவப் போடவா?"

"வேணாம்" என்றேன். பாடசாலை வரும் வரைக்கும் நாங்கள் ஐந்து பேரும் எஞ்சினைக் கேட்டுக்கொண்டே போனோம்.